கறுப்புக்கு ஒரு அபூர்வ ஓபனிங்: புடாபெஸ்டா, ஆல்பினா, ராணி டி6ஆ?

அரையாண்டுப் பரீட்சை லீவில் அக்கா மகன் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேராக எல்லீஸ் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். பையில் செஸ் போர்டு, கடிகாரம், ஆட்டங்கள் எழுதிய மூன்று நோட்டுகள். உட்கார்ந்ததும் கேட்டான்: "மாமா, கறுப்புக்கு யாரும் ஆடாத ஒரு ஓபனிங் வேணும். மே மாச டோர்னமெண்டுக்குள்ள படிச்சு முடிச்சிடணும்."

அவன் ஒன்பதாவது படிக்கிறான், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1500ஐ ஒட்டி. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் முழுதாகக் கிடைக்கும். நடுவில் முழுப்பரீட்சை வேறு. அப்படிப் பார்த்தால் எங்கள் கையில் இருந்தது பதினைந்து ஞாயிறுகூட இல்லை. ஒன்றைத்தான் உருப்படியாகப் படிக்க முடியும். எதைப் படிப்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து அலசினோம். அந்த அலசல் இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். ஓபனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள். கட்டங்களின் ஆங்கில எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி இருந்தால் வெள்ளையின் நகர்வு, மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்வு. காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.

முதலில், அவன் கேட்டதில் தப்பே இல்லை. 2024 மார்ச்சிலிருந்து, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிற ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அதற்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் மேலே ஏற்றப்பட்டார்கள். ஆகவே 1400க்கும் 1600க்கும் நடுவில் இன்றைக்குப் பெருங்கூட்டம். அந்தக் கூட்டத்தில் அகாடமியில் படிக்கிற பிள்ளைகள் இத்தாலியன் ஓபனிங்கைப் பன்னிரண்டு நகர்வு வரை யோசிக்காமல் ஆடுகிறார்கள். அவர்களை நாலாவது நகர்விலேயே யோசிக்க வைக்க முடியுமென்றால் அது நிஜமான லாபம். 1980இல் ஸ்வீடனின் ஸ்காராவில், உலக சாம்பியனாக இருந்த கார்ப்போவ் 1.இ4 ஆட, டோனி மைல்ஸ் 1...ஏ6 என்று ஓரத்துச் சிப்பாயை நகர்த்தி, அடுத்து பி5உம் ஆடி, அந்த ஆட்டத்தை ஜெயித்தார். எதிராளி பழகிய பாதையை விட்டு அவரை இறக்கிவிடுவது உலக சாம்பியன் மட்டத்திலேயே வேலை செய்திருக்கிறது.

ஆனால் நம் பக்கத்து நிலவரம் ஒன்றை மறக்கக் கூடாது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகாசி என்று எங்கே போட்டி நடந்தாலும் வருவது பெரும்பாலும் அதே முகங்கள். காலை ரவுண்டில் ஒரு பையன் பொறியில் விழுந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் அந்த ஆட்டம் பத்துப் பேர் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் அதே பொறி விலை போகாது. அதனால் இரண்டு விஷயங்களை வைத்துத்தான் ஒவ்வொரு ஓபனிங்கையும் எடை போட்டோம். நாம் விரும்பினால் அது போர்டில் வருமா, இல்லை எதிராளி மனசு வைக்க வேண்டுமா? பதில் தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்தால் நம் கையில் என்ன மிஞ்சும்?

அவன் கொண்டுவந்த முதல் ஆசை ஆல்பின் எதிர் காம்பிட். காம்பிட் என்றால் வேறு லாபத்துக்காகச் சிப்பாயைப் பலி கொடுப்பது. 1.டி4 டி5 2.சி4 இ5. வெள்ளை இ5இல் வெட்டியதும் 3...டி4 என்று சிப்பாயை முன்னே தள்ளிவிடுவது. 1881இல் மிலானில் ஒருவர் ஆடியிருந்தாலும், 1893இல் நியூயார்க்கில், பின்னால் உலக சாம்பியனான லாஸ்கருக்கு எதிராக இதை ஆடிய அடோல்ஃப் ஆல்பின் பெயரே நிலைத்துவிட்டது. இவனை மயக்கியது லாஸ்கர் பெயரில் இருக்கும் பொறி. டி4இல் நிற்கும் சிப்பாயைக் கேள்வி கேட்க வெள்ளை 4.இ3 ஆடுவது மிக இயல்பு. உடனே பிஷப் பி4க்கு வந்து செக். வெள்ளை தன் பிஷப்பை டி2இல் குறுக்கே வைக்கும். கறுப்பு தன் பிஷப்பைக் காப்பாற்றாமல் சிப்பாயால் இ3இல் வெட்டும். வெள்ளை ஆசைப்பட்டு பி4இல் இருக்கும் பிஷப்பை எடுத்தால், சிப்பாய் எஃப்2இல் வெட்டி செக். ராஜா அந்தச் சிப்பாயை எடுக்க முடியாது, எடுத்தால் ராணி போய்விடும். ராஜா இ2க்குப் போகும். இப்போது சிப்பாய் ஜி1இல் இருக்கும் குதிரையை வெட்டி, ராணியாக மாறாமல் குதிரையாக மாறி மறுபடி செக் கொடுக்கும். யானையால் அந்தக் குதிரையை எடுத்தால் ஜி4இல் பிஷப் செக், வெள்ளை ராணி காலி. ஏழாவது நகர்விலேயே சிப்பாய் குதிரையாக மாறுகிற அழகைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது. எனக்கே ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் உடம்பு சிலிர்க்கும்.

சரி, வெள்ளைக்குத் தெரிந்திருந்தால்? 4.குதிரை எஃப்3, குதிரை சி6 5.ஜி3 என்று ஆடி, பிஷப்பை ஜி2இல் வைத்து, ராஜாவை ஓரத்தில் ஒதுக்கிக் கோட்டை கட்டிவிடும் (காஸ்லிங்). பழைய முறைப்படி கறுப்பு ராணியை டி7இல் வைத்து, ராணி பக்கம் கோட்டை கட்டி, ஹெச் சிப்பாயை ஓட்டித் தாக்கலாம். ஆனால் ஜி2 பிஷப் நேராக நம் ராஜா இருக்கும் பக்கத்தைத்தான் பார்க்கிறது. வெள்ளை பி4, பி5 என்று சிப்பாய்களைத் தள்ளினால் அவன் தாக்குதல் நம்முடையதை முந்திவிடும். 2000க்குப் பிறகு ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மொரோசெவிச் 5...குதிரை இ7 என்ற யோசனையால் இதற்கு உயிர் கொடுத்தார். அந்தக் குதிரை ஜி6க்குப் போய் இழந்த இ5 சிப்பாயைத் திரும்ப எடுக்கப் பார்க்கும். அது நல்ல யோசனைதான். ஆனால் மொரோசெவிச்சின் கணக்குப் போடும் வேகம் வேண்டும். நம் பையன் கையில் பெரும்பாலும் ஒரு சிப்பாய் குறைவும், காவல் காக்க வேண்டிய டி4 சிப்பாயும்தான் மிஞ்சும்.

அடுத்தது புடாபெஸ்ட். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 இ5. வெள்ளை வெட்டியதும் குதிரை ஜி4. 1918இல் பெர்லினில், அந்தக் காலத்தின் மாபெரும் ஆட்டக்காரரான ரூபின்ஸ்டைனை வித்மர் இதை வைத்துத்தான் வீழ்த்தினார். இதிலும் புகழ்பெற்ற பொறி ஒன்று உண்டு. 4.பிஷப் எஃப்4 குதிரை சி6 5.குதிரை எஃப்3 பிஷப் பி4 செக் 6.குதிரை பி-யிலிருந்து டி2, ராணி இ7. இப்போது வெள்ளை 7.ஏ3 என்று பிஷப்பை விரட்டினால் நாம் அதைக் கண்டுகொள்ளாமல் ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை எடுக்கிறோம். வெள்ளை பிஷப்பை எடுத்தால் அந்தக் குதிரை டி3க்குத் தாவி மேட். இ2 சிப்பாயால் குதிரையை எடுக்க முடியாது, ஏனென்றால் இ7இல் நிற்கும் ராணி அந்தச் சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. வெள்ளை ராஜாவைச் சுற்றி அவன் காய்களே சுவர் எழுப்பி நிற்கும்.

ஆல்பினைவிட இது உறுதியானது என்பது என் கருத்து. வெள்ளை 7.இ3 என்று அமைதியாக ஆடினாலும் நாம் கொடுத்த சிப்பாயைத் திரும்ப எடுத்துவிடுகிறோம். வெள்ளைக்கு இரண்டு பிஷப்பும் கொஞ்சம் கூடுதல் இடமும் இருக்கும், அவ்வளவுதான். 4.குதிரை எஃப்3 வந்தால் பிஷப்பை சி5இல் வைத்து, ஏ5 தள்ளி, யானையை ஏ6 வழியாக, நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ராஜா பக்கம் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. மூலையில் தூங்குகிற யானையைச் சண்டைக்குக் கொண்டுவர இப்படி ஒரு வழி உண்டு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது மற்ற ஓபனிங்குகளிலும் உதவும். இதிலேயே இன்னும் அபூர்வமாக வேண்டுமென்றால் 3...குதிரை இ4 என்ற ஃபயரோவிச் கிளை இருக்கிறது. வெள்ளை 4.ஏ3 ஆடி பி4 கட்டத்தை அடைத்துவிட்டால் அதில் கறுப்பு திணறும் என்பதால் அதை உடனே ஒதுக்கினோம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. அதை அவன் நோட்டுகளைப் புரட்டியபோதுதான் முழுசாக உணர்ந்தேன். அவன் கறுப்பில் ஆடியவற்றில் பாதிக்கு மேல் 1.இ4. டி4 ஆடியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது நகர்விலோ மூன்றாவதிலோ பிஷப்பை எஃப்4க்குக் கொண்டுவந்து லண்டன் சிஸ்டம் ஆடியிருக்கிறார்கள். 2.சி4 வந்த ஆட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆல்பினும் சரி, புடாபெஸ்டும் சரி, வெள்ளை 2.சி4 ஆடினால்தான் பிறக்கும். அலங்காநல்லூரில் காளை எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் வாடிவாசலைத் திறந்தால்தான் களத்துக்கு வரும். இங்கே வாடிவாசலின் சாவி எதிராளி கையில் இருக்கிறது. மூன்று மாத ஞாயிறுகளைப் போட்டுப் படித்துவிட்டு, ஒன்பது ரவுண்டு போட்டியில் ஒரு தடவைகூட அது வராமல் போகலாம்.

இதே காரணத்தால்தான் ரூய் லோபஸில் (1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5) 3...எஃப்5 ஆடும் ஷ்லீமான் காம்பிட்டையும் விட்டோம். கிராண்ட்மாஸ்டர் ரஜாபோவ் பெரிய பெரிய ஆட்களுக்கு எதிராக ஆடிய லைன் அது, மதிப்பான லைன். ஆனால் நம் பிள்ளைகள் மூன்றாவது நகர்வில் பிஷப்பை பி5இல் வைப்பதைவிட சி4இல் வைப்பதே அதிகம். அங்கே எஃப்5 ஆடினால் நம் ராஜாதான் காற்றாடும். டி4க்கு எதிராக 1...டி5, 2...குதிரை சி6 என்று ஆடும் சிகோரின் எனக்குப் பிடித்தமானது. பிஷப்பைக் கொடுத்துக் குதிரையோடு ஆடக் கற்றுத் தரும். 1889இலும் 1892இலும் ஹவானாவில் ஸ்டைனிட்ஸோடு உலகப் பட்டத்துக்கு மோதியவரின் பெயரைத் தாங்கியது. இவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒருநாள் அதைச் சொல்லித் தருவேன்.

கடைசியாக நான் எடுத்து வைத்தது ஸ்காண்டிநேவியன், அதிலும் ராணி டி6. 1.இ4 டி5 2.வெள்ளை வெட்ட, ராணியால் திரும்ப வெட்டு, 3.குதிரை சி3 ராணி டி6. அவன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, ராணியை முதல்லயே வெளிய எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னவன் நான்தான். அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

ஸ்காண்டிநேவியன் மிகப் பழையது. இன்றைய விதிகளின்படி ராணி தூரம் போகும் ஆட்டங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று, சுமார் 1475இல் வலென்சியாவில் ஆடப்பட்டது. அதுவே இந்த ஓபனிங்தான், ராணி மூன்றாவது நகர்வில் டி8க்கே திரும்பிவிட்டது. பின்னால் ராணி ஏ5க்குப் போவது முக்கிய வழியாயிற்று. 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், நம் ஆனந்த் காஸ்பரோவுக்கு எதிராக ஆடியது அதைத்தான். நல்ல நிலை கிடைத்தும் கடைசியில் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து ஸ்விட்சர்லாந்தின் பீலில் பிரெஞ்சு கிராண்ட்மாஸ்டர் லோட்டியே இதே ஸ்காண்டிநேவியனை ஆனந்துக்கு எதிராக ஆட, ஆனந்த் வெள்ளையில் நின்று அதை நொறுக்கினார். ஆக, நம் ஊர்க்காரர் இந்த ஓபனிங்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர். டி6 கிளையைத் தன் ஆயுதமாக்கி வருஷக்கணக்கில் ஆடியவர் கிராண்ட்மாஸ்டர் டிவியாகோவ். 2004, 2005இல் தொடர்ந்து 110 ஆட்டங்கள் தோற்காமல் இருந்த மனிதர். கார்ல்சன் அந்தக் கணக்கைத் தாண்ட 2020 ஆக வேண்டியிருந்தது. தோற்பதை அவ்வளவு வெறுக்கிற ஒருவர் நம்பிய லைன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ராணி டி6இல் என்ன செய்கிறது? போர்டைப் பார்த்தால் புரியும். 4.டி4 குதிரை எஃப்6 5.குதிரை எஃப்3. இப்போது வெள்ளைக்கு ராணியை விரட்ட இயல்பான நகர்வு பிஷப் எஃப்4. ஆனால் ராணி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, பிஷப் வந்தால் வெட்டிவிடும். ஆகவே வெள்ளை முதலில் ஜி3 ஆடி அந்தக் கட்டத்துக்குக் காவல் போட வேண்டும், இல்லாவிட்டால் குதிரையை இ5இல் வைத்து ராணியின் பார்வையை மறைக்க வேண்டும். ராணியை விரட்ட ஒரு நகர்வு போதாது, இரண்டு தேவை. இன்னொரு தொந்தரவான குதிரை பி5ஐ, நாம் 5...சி6 ஆடி அடைத்துவிடுகிறோம். அந்த நகர்வு சும்மா தடுப்பு மட்டுமில்லை. அப்புறம் பிஷப்பை ஜி4இலோ எஃப்5இலோ வெளியே எடுத்துவிட்டு இ6 ஆடினால், சி6உம் இ6உமாகச் சிப்பாய்கள் கெட்டியாக நிற்கும் அமைப்பு வந்துவிடும். கரோ-கான் (1.இ4 சி6) ஆடுகிறவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் அதே அமைப்பு.

இதைத்தான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாளைக்கு இவன் 1800ஐத் தொட்டு, டி6 லைன் எல்லாருக்கும் தெரிந்து, இதை விட வேண்டிய நாள் வரலாம். அன்றைக்கு 1.இ4க்கு 1...சி6 என்று ஒரே ஒரு நகர்வை மாற்றினால் போதும். எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்வது, எப்போது சி5 தள்ளுவது, இறுதி ஆட்டத்தில் ராஜா எங்கே நிற்பது என்று பழகியதெல்லாம் அப்படியே கூட வரும். ஆல்பினை விடுகிற அன்றைக்கு அந்த நோட்டைப் பரணில் போட வேண்டியதுதான்.

வாடிவாசல் கேள்விக்கும் இங்கே நல்ல பதில் இருக்கிறது. இ4 வந்தால் 1...டி5 ஆடுவது நம் இஷ்டம். பெரும்பாலானவர்கள் வெட்டுவார்கள். வெட்டாமல் 2.இ5 தள்ளினால் பிஷப்பை எஃப்5க்கு எடுத்துவிட்டு இ6 ஆடலாம். ஃபிரெஞ்ச் (1.இ4 இ6) ஆடுகிறவர்கள் உள்ளே அடைபட்டுத் தவிக்கிற அந்தப் பிஷப் நமக்கு வெளியே இருக்கும். 2.டி4 ஆடினால் 2...சி6 போட்டுக் கரோ-கானுக்குள் நுழைந்துவிடலாம். மூன்றாவது நகர்வில் சி3 குதிரை வராவிட்டால் ராணிக்குப் பெரிய ஆபத்து இல்லை, நிதானமாகக் காய்களை வெளியே எடுக்கலாம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னேன். நடுவில் இடம் வெள்ளைக்குத்தான் அதிகம். உங்களைவிட நன்றாக ஆடுகிறவர் 6.குதிரை இ5 ஆடி, நாம் 6...குதிரை பி-யிலிருந்து டி7 வைத்ததும் 7.பிஷப் எஃப்4 போட்டால், இ5 குதிரை நகர்கிற எந்த நேரமும் ராணிக்கு அடி விழலாம். அந்த இடத்தில் 7...குதிரை டி5 தெரியாமல் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் ஆட்டம் கையை விட்டுப் போகும். உங்களைவிடக் குறைவான ஆளை வேகமாக வீழ்த்தவும் இது உதவாது. நாற்பது நகர்வு வரை இழுத்துத்தான் ஜெயிக்க வேண்டியிருக்கும். தாக்கி ஆடியே பழகிய பிள்ளைக்கு இது பொறுமைச் சோதனை. 5...ஏ6 ஆடி, குதிரையை சி6இல் வைத்து, ராணி பக்கம் கோட்டை கட்டும் சூடான கிளையும் உண்டு. அதை ஆறு மாதம் கழித்துத் தொடுவோம் என்று வைத்தேன்.

அபூர்வமே வேண்டாம், நேராக கரோ-கானே படிக்கட்டும் என்று அவனுடைய பள்ளியில் செஸ் சொல்லித் தருகிற ஆசிரியர் நினைக்கிறார். நேரம் இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கரோ-கானில் அட்வான்ஸ், எக்ஸ்சேஞ்ச், பனோவ், ஃபேண்டஸி என்று வெள்ளைக்கு நாலைந்து வாசல். அகாடமிப் பிள்ளைகள் அதில் ஒன்றையாவது ஆழமாகத் தயார் செய்து வைத்திருப்பார்கள். ராணி டி6க்கு எதிராகத் தயார் செய்தவர்களை நான் நம் பக்கத்தில் இதுவரை அதிகம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரமே இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

ஆகவே முடிவு இப்படி ஆனது. இ4க்கு ராணி டி6, அதில் 5...சி6 மட்டும். டி4க்கு டி5, சி6 என்று ஸ்லாவ். லண்டன் வந்தாலும் அதே இரண்டு சிப்பாய்களை வைத்து, பிஷப்பை எஃப்5க்கு எடுத்துவிட்டு ஆடலாம், தனியாக ஒரு நோட்டு தேவையில்லை. ஆல்பினை அவன் முழுதாக விடச் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ரேட்டிங் இல்லாத பதினைந்து நிமிஷ ஆட்டங்களில், 2.சி4 வந்தால், ஆடிக்கொள்ளட்டும். பிடித்த ஒன்றைக் கையிலிருந்து பிடுங்கினால் மற்றதைப் படிக்கிற உற்சாகமும் சேர்ந்து போய்விடும்.

படிக்கிற முறையும் ஒன்று வைத்தோம். முதல் நாலு ஞாயிறு எஞ்சினை (நகர்வுகளைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) திறக்கவே இல்லை. டிவியாகோவின் ஆட்டங்களை நோட்டில் எழுதி, ஒவ்வொரு நகர்வுக்கும் "ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு ஞாயிறு புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போய், போர்டு இல்லாமல் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். பதினோராவது நகர்வு வரை போனான். ராணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டபோதெல்லாம் சரியாகச் சொன்னான்.

போன வாரம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். செக்கானூரணி தாண்டும்போது போன் பண்ணினான். "மாமா, 7.பிஷப் எஃப்4க்குக் குதிரை டி5 வைக்கிறோம்ல, அவன் குதிரையை வெட்டாம பிஷப்பை ஜி3க்கு இழுத்தா நான் சி3ல வெட்டவா?" சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன். "வெட்டு மாப்ள. அவன் பி சிப்பாயால திரும்ப எடுப்பான். அதுக்கப்புறம் உன் ராணி எங்க போகும்னு பார்த்து வச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வா" என்றேன்.